எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது

அண்ணே, எழுதுவது ராமுத்தாய், சொல்வது அம்மா. அம்மா சொன்னதையும் இங்கே நடந்ததையும் ஒன்று விடாமல் உண்மையாகவே எழுதுவேன், நடுவில் என் பேச்சும் வரும், கோபித்துக்கொள்ளாதே.

அன்புள்ள மகன் செல்லத்துரைக்கு அம்மா வேலுத்தாய் எழுதச் சொன்னது. போடிமெட்டு மேகம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குள் புகுந்து துணி காயாமல் கிடப்பதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, பம்பாயில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். தலைக்கு எண்ணெய் வை. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ படிக்கிற மேல்படிப்பைப் பற்றி அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்பது வாயில் நுழையாததால், "அணை கட்டுறவுகளுக்கே எத மொதல்ல கட்டணும்னு சொல்லிக்குடுக்கிற படிப்பு" என்கிறாள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அத்தை, "அப்ப நம்ம கூரைய எப்ப மாத்துவாகன்னு அவன்கிட்டயே கேளு மதினி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை.

போன சரஸ்வதி பூசைக்கு, நீ லீவில் வந்தபோது விட்டுப்போன தடிப் புத்தகத்தை மட்டும் அம்மா பலகையில் வைத்துச் சந்தனம் தடவினாள். நான் என் புத்தகங்களைக் கொண்டுபோனால், "அண்ணன் பொஸ்தகம் ஒண்ணே போதும்டி, எடமில்ல" என்றாள். பூசையில் வைத்ததைத்தானே அன்று படிக்கக் கூடாது, என்னுடையதை வைக்கவில்லையே என்று நான் உட்கார்ந்து படித்தேன், அதற்கும் திட்டு. உன் மேல் எனக்குப் பொறாமைதான் அண்ணே. மறுநாள் உன் புத்தகத்தை எடுத்து அகராதியோடு படித்தேன். வட்டமும் அம்புமாக எத்தனை படம், எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும், எவை ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று. பாதிக்கு மேல் புரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்பு பாஸாகிவிட்டேன். எஸ்டேட் பள்ளிக்கூடம் அதோடு சரி, ஒன்பதாவதுக்குப் போடியில் விடுதியில் சேர வேண்டும். ஆனால் நம் பெரியத்தை தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நிற்கிறாள், ஒருவர் நின்றால் அந்த இடம் அதே வீட்டாளுக்கே என்பதால் அவள் இடத்தில் என் பேரைப் பதியக் கங்காணி பிச்சைமணி திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூட்டிப்போக வருகிறார். பேர் பதிந்துவிட்டால் கொழுந்துக் கூடைதான். அப்பா சரி என்றுவிட்டார். "மொதல்ல அவன் முடிக்கட்டும், பெறகு இவ. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, அதத்தான அவனும் படிக்கிறான்" என்கிறாள் அம்மா. நீ படிப்பது அது இல்லை. என் ஒன்பதாம் வகுப்பு உன் பரீட்சைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டையும் எந்த அம்பு இணைக்கிறது? நான் கேட்டால் வாயாடி என்கிறார்கள், நீ எழுதினால் கேட்பார்கள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் நீ எழுது.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இம்புட்டையுமா எழுதுன?" என்றாள். கிழித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அவன் கடுதாசி வர எம்புட்டு நாளாகும்?" என்றாள். பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றேன். "திங்கக்கெழம கங்காணி வந்தா எங்க ஆத்தாளுக்குக் காச்சல், நாந்தான் பாத்துக்கிறணும், பெறகு வாங்கன்னு சொல்லு. பெறகு வந்தா பெறகும் காச்சல்."

உனக்கு எல்லா நன்மையும் சேர, நல்லபடியாகப் படித்து வர அம்மாவின் ஆசிகள். மறக்காமல் அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உடனே போடு.

இப்படிக்கு உன் அம்மா வேலுத்தாய், பெருவிரல் ரேகை. மை தொடும்போதே எஸ்டேட்டில் லயத்து விளக்கை நிறுத்திவிட்டார்கள், இதை இருட்டில்தான் எழுதுகிறேன், ரேகை கோணலாக விழுந்திருக்கும்.