எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி

பிப்ரவரி 4

ஆறாம் வகுப்புக்குக் காந்தம் நடத்தினேன். ஆளுக்கொரு துண்டு கொடுத்ததுதான் தாமதம். ஜன்னல் கம்பி, பெஞ்சுக் கால், என் கொண்டை ஊசி, எதுவும் தப்பவில்லை.

மதியம் ஓய்வறையில் ஒரே பேச்சு. கல்வி அமைச்சர் பதவிக்குத் தனியார் பள்ளித் தாளாளர் ஒருவரின் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள். ஊருக்கொரு பள்ளி நடத்துகிறவர். பிள்ளைகள் குறைந்த அரசுப் பள்ளிகளை மூடிவிடலாம் என்று மேடைக்கு மேடை பேசியவர். எங்களுடையதும் சின்ன அரசுப் பள்ளிதான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரர் கணக்கு சொல்லித்தருவது அந்தத் தாளாளரின் பள்ளியில்.

பிப்ரவரி 6

ஆசிரியர் சங்கக் கூட்டம். எங்கள் தலைவிக்கு மைக்செட் அக்கா என்று பட்டப்பெயர். பேசும்போது கரண்ட் போனால் அவருக்கே தெரியாது.

புது விதிப்படி சட்டமன்றக் குழு ஒப்புக்கொண்டால்தான் தாளாளருக்குப் பதவியாம். குழுவின் முன் எங்கள் எதிர்ப்பை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கா என்னைக் கைகாட்டிவிட்டார். "நான் பேசினா சண்டைம்பாங்க. நீங்க பேசினா பாடம்னு நினைச்சுக் கேப்பாங்க டீச்சர்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 7

சொல்லவில்லை.

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார். அவர்கள் பள்ளியில் தாளாளரை ஆதரித்து எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்குகிறார்களாம்.

"நீங்க போட்டீங்களா?"

"வயித்து வலின்னு லீவு போட்டுட்டேன்."

"எத்தனை நாளைக்கு வலிக்கும்?"

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் வலிக்கும்."

சிரித்தோம். பிறகு, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். போனால் போகட்டும் என்று வீரம் பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். "பயமாத்தான் இருக்கு. நீ போய்ப் பேசு" என்றார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டது என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அவரிடம் சொன்னால் தலைக்கேறிவிடும்.

பிப்ரவரி 12

என் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பெண்ணுக்குக் காது மந்தம். தாளாளரின் பள்ளிதான் அவளை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. அவள் அம்மாவின் தையல் கடைக்குப் போய், குழுவில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். பேரை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்.

பிப்ரவரி 16

பேசிவிட்டேன்!

குழுவின் முன் போய் நின்றேன். எதிரே இருப்பது ஆறாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்ததும் குரல் தானாக வந்தது. தாளாளர் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவேயில்லை. எனக்குத் தண்ணீர்கூட நகர்த்தி வைத்தார். வெறுப்பதற்குத் தயாராகப் போயிருந்தேன், முடியவில்லை. என்ன செய்ய?

குழுவில் ஆளுங்கட்சி அம்மா ஒருவர். அந்தப் பெண்ணை ஏன் சேர்க்கவில்லை என்று தாளாளரிடம் கேட்டார்.

"எல்லாரையும் சேர்த்துக்க எங்களால முடியாதுங்க" என்றார் தாளாளர். உண்மையைத்தான் சொன்னார்.

"எங்களால யாரையும் வேணாம்னு சொல்ல முடியாதுங்க. எங்களையும் மூடிட்டா அவ எங்க போவா?" என்றேன்.

பின்னால் மைக்செட் அக்கா தனக்குள் "அதானே" என்று முணுமுணுத்தார். மன்றம் முழுக்கக் கேட்டது.

பிப்ரவரி 18

குழு நிராகரித்துவிட்டது. ஆளுங்கட்சி அம்மாவும் எதிர்த்தே வாக்களித்தாராம். தலைமையாசிரியை எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். நாங்கள் பாதி குடிப்பதற்குள், மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போங்கள் என்று விரட்டவும் செய்தார்.

பிப்ரவரி 20

என் வீட்டுக்காரரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆள் குறைப்பாம். ஒரே ஒரு ஆள் குறைப்பு — அதுவும் இவரா? பேசினது நான். தண்டனை இவருக்கா? என்ன நியாயம் இது? அழுதுவிட்டேன்.

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஒரு வழியாக வயிற்று வலி போய்விட்டது என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது.

மார்ச் 3

கணக்கு வாத்தியார் சமையலில் உப்பை மட்டும் ஏன் குத்துமதிப்பாகப் போடுகிறார்?

ஜூன் 9

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் அவருக்குத் தற்காலிக வேலை. இன்று முதல் நாள். சாயங்காலம் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளாக வந்து நின்றார். தொண்டை கட்டியிருந்தது. கணக்கு வாத்தியார் வந்து அங்கே வெகு காலமாயிற்றாம். வந்தவர்களும் நிலைக்கவில்லையாம். கடைசி மணியில் ஒரு பெண் எழுந்து, சார் நாளைக்கும் வருவீங்களா என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க?"

"வீட்டுப்பாடம் குடுத்துட்டு வந்துட்டேன்."