லிஃப்டுக்கு இன்னும் ஒரு மாதம்

என் வீட்டுக்காரிக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? இந்தத் தடவை யாரையும் எழுதச் சொல்லாமல் முழுக்க நானே எழுதியது! மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேள்.

நான் ஓட்டும் லிஃப்டைத் தானாக ஓட வைக்க புரோகிராம் எழுதுகிறார்கள். கதவு திறந்திருக்கும்போது அது ஒருநாளும் நகராது என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டால் நான் வீட்டுக்கு வந்துவிடலாம். நேற்று அந்தக் கணக்கு ஓரிடத்தில் இடித்துவிட்டது. உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பிவிடுமாம்.

"எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்தோமேம்மா, ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"ஓட்டிப் பாத்தது அந்தந்தத் தடவைக்குத்தான் தாத்தா. கணக்கு இனிமே ஓடப்போற எல்லாத்துக்கும்," என்றாள் கணக்குப் போடும் பெண். சரிசெய்ய ஒரு மாதம் ஆகுமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்டுக்காம விட்டுடவா? நாளைக்கே ஊருக்குக் கிளம்பலாம்," என்று சிரித்தாள்.

"வேண்டாம்மா. யாராவது ஒரு காலை உள்ளயும் ஒரு காலை வெளியிலயும் வெச்சிட்டு நிப்பாங்க. நீ நிதானமா போடு," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உடம்பு அசந்துபோகிறது. முதுகுக்கு வைத்துக்கொள்ள உன் தலையணையை அனுப்பு. உறையைத் துவைக்க வேண்டாம்.

மூன்றாம் மாடியில் மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்