என் முகத்துக்குப் பேசிய அக்கா

அக்கா,

இருமலுக்குச் சித்தரத்தை வாங்க நேற்று நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு துண்டை நசுக்கித் தாளில் மடிக்கும்போதே அந்தக் காரமான மணம் எழுந்தது. பஸ் வந்தும் ஏறாமல், பொட்டலத்தை மூக்கருகில் வைத்தபடி நின்றுவிட்டேன். உங்கள் வாயில் எப்போதும் ஒரு துண்டு சித்தரத்தை அடங்கிக் கிடக்கும். நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

காஞ்சிபுரத்தில் இன்னமும் என்னை நிறுத்தி, “நீங்க அந்த டி.வி. பாப்பாதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு நான் பேசக் காத்திருப்பார்கள். பேசியதும் முகம் சற்று வாடும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த குரல். அவர்கள் தேடுவது உங்கள் குரலை என்று எத்தனை பேரிடம் விளக்குவது?

ஆறு வயதில், இங்கே கோயில் காட்சி எடுக்க வந்த ஒரு படக்குழு, கூட்டத்தில் வேடிக்கை பார்த்த என்னைப் பிடித்தது. ஒரு நாள் வேலை என்றார்கள். மூன்று தொடர், ஐந்து படம் என்று நீண்டுவிட்டது. ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்த அப்பா, விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை முதல் பஸ்ஸில் சென்னைக்கு அழைத்துப் போவார். பஸ்ஸில் தூங்கி, படப்பிடிப்பில் அழுது, மறுபடி பஸ்ஸில் தூங்குவேன். பேசுவது என் வேலை இல்லை. வாய் அசைந்தால் போதும் என்பார்கள்.

ஒரு நாள் படப்பிடிப்பு ரத்தானதால் அப்பா என்னை டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். இருட்டறையில், திரை நிறைய என் முகம். எதிரே மைக்கின் முன்னால் கண்ணாடி போட்ட குண்டான ஒரு பெண்மணி, வளையலையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு. நீங்கள்தான். திரையில் நான் வாயைத் திறந்தேன். உங்களிடமிருந்து ஏழு வயதுப் பெண் பேசினாள். சன்னிதியில் திரை விலகும் கணத்தில் கூட்டம் சட்டென்று அடங்குமே, அப்படி எனக்குள் எல்லாம் அடங்கிப்போனது.

அந்த மாதம் எனக்கு முன்பல் விழுந்திருந்தது. வெளியே வந்ததும் என் தாடையைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

“காட்டுடி. இந்த ஓட்டையிலதான் காத்து வருதா? நேத்து பூரா உன் நாக்கு எங்க போவுதுன்னே பாத்துக்கினு இருந்தேன். இன்னும் எத்தினி பல்லு ஆடுது? முன்னாடியே சொல்லிடு கண்ணு, நானும் ரெடியாவணும்ல.”

அந்தத் தொடரைப் பிறகு பார்த்தேன். என் ஓட்டைப் பல் வழியாக வந்த சீழ்க்கைகூட உங்கள் குரலில் இருந்தது. முப்பத்திரண்டு பல்லும் உள்ள நீங்கள் அதை எப்படிச் செய்தீர்களோ!

நன்றிக்காக அப்பா ஒரு பட்டுப் புடவை கொண்டுவந்து கொடுத்தார். “இத கட்டிக்கினு மைக்கு முன்னாடி நின்னா, எனக்கு முன்ன இது பேசிடுமே சார்” என்று சிரித்தீர்கள். பட்டின் சரசரப்பு ஒலிப்பதிவில் விழும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பட்டிலேயே புழங்கும் ஊர்க்காரர்கள் நாங்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை.

ஒன்பது வயதில், ஒரு படத்துக்காக அந்த அழுகைக் காட்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அம்மாவைப் பார்த்து, “என்னை விட்டுட்டுப் போகாதம்மா” என்று நான் கதற வேண்டும். காலையிலிருந்து கதறினேன். கண்ணீர் வற்றி, கிளிசரின் போட்டுக் கண் எரிந்தது. சாயங்காலம் ஒரு டேக்கில் வசனம் அடியோடு மறந்துபோனது. கேமராவின் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்ற அப்பாவைப் பார்த்து, “வீட்டுக்குப் போலாம்பா” என்றேன். சொன்னதும் நிஜமான அழுகை பீறிட்டது. கேமரா இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இயக்குநர் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். “இதான் ஷாட்டு! வசனத்த டப்பிங்ல பாத்துக்கலாம்.” எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். கோயிலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து அம்மா காபி போட்டார். அப்பாவுக்குப் பேச்சு நிற்கவில்லை.

“அடுத்த சீரியல்ல கதையே இவளச் சுத்திதாம்மா. ரெண்டு வருசம் ஓடுமாம். ஸ்கூல அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கோம். நீங்கதான் கொரலு.”

“அதுக்குத்தான் வந்தேன் சார். அந்த அழுவுற சீன்ல வசனம் வாயில உக்காரவே இல்ல. திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பாத்தேன். பாப்பா பேசினது வேற.”

“கொழந்ததானே, மறந்திருக்கும்.”

“உங்களப் பாத்து, ‘வீட்டுக்குப் போலாம்பா’ன்னு சொல்லியிருக்குது.”

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. உங்களைத்தான் கேட்டார். “அதுக்குப் புடிக்கலையாம்மா?”

“என்னக் கேட்டா? இத்தினி நாளா அதுக்கு நான் பேசினது போதும் சார். அதோ உக்காந்துக்கினு இருக்குதே, அதையே கேளுங்க.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கண்ணால்கூட எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. “போதும்பா” என்றேன், என் தடித்த குரலில்.

“முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்றார் அப்பா. பஸ்ஸில் பல தடவை சொல்லியிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் சிணுங்குகிறேன் என்று தட்டித் தூங்கவைத்திருந்தார். அதை அன்று நான் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

நீங்கள் பஸ் ஏறிய பிறகும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்: “ரெண்டு வருசம் பேசிச் சம்பாதிக்க வேண்டியது அவங்கதானேங்க. அவங்களே வந்து சொல்லிட்டுப் போறாங்களே.” நான் விலகிய தொடரில் வேறொரு சிறுமி நடித்தாள். அவளுக்குப் பேச வேறு யாரையோ அழைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி ஒருநாளும் நீங்கள் என்னிடம் பேசியதில்லை.

அந்தப் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது போனோம். அந்தக் காட்சியில் பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரையில் என் உதடு ஒன்றைச் சொல்ல, உங்கள் குரல் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னது. வசனத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்தது வீட்டுக்குப் போக ஏங்கும் பிள்ளையின் அழுகைதான். வசனத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அழுகையை எனக்காக வைத்திருந்தீர்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நான் படித்தேன், கல்லூரிக்குப் போனேன், தேர்வு எழுதி வேலைக்கு வந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் எட்டு வயதுக் குரலில், “அப்பா இருக்காரா ஆன்ட்டி?” என்று என்னை ஏமாற்றுவீர்கள். ஒவ்வொரு வருடமும் ஏமாந்தேன்.

இப்போது தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகை மனுக்களை வாங்கும் மேசை என்னுடையது. போன திங்கட்கிழமை தென்னேரியிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். பெயர், வயது, யாரோடு இருக்கிறார் என்று எதைக் கேட்டாலும் மகனே பதில் சொன்னார். “எங்கூடத்தான் இருக்காங்க மேடம், நல்லாத்தான் பாத்துக்கறோம்.” அந்த அம்மாவின் உதடு லேசாக அசைந்து நின்றது.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றேன். மகன் மறுபடி வாயைத் திறந்தார். “நீங்க கொஞ்சம் இருங்க.” வரிசையில் பின்னால் முணுமுணுத்தார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன், அக்கா.