கலங்கல் நீர்ச் சிப்பிகள்

ஜமுனாமரத்தூர்
9.8.1981

என் அன்புக் கணவருக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் உங்கள் சிப்பிகளும் நலமா? சிப்பிகளை முதலில் விசாரித்திருந்தால் உங்களுக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நீங்கள் வரைந்து அனுப்பிய நாற்பது சிப்பிப் படங்களையும் வரைபடத் தாளில் வைத்துக் கட்டம் எண்ணி, அளவுகளை இணைத்துள்ளேன். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தினமும் எட்டிப் பார்க்கிறாள். "இன்னா டீச்சர், வூட்டுக்காரரு வர்றதுக்கு நாள் எண்றீங்களா?" என்றாள். சிப்பியின் செவுள் என்றால் நம்பமாட்டாள் என்று ஆமாம் சொல்லிவிட்டேன்.

முக்கியமான விஷயம். பழவேற்காட்டுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை இடம் காலியாகிறது. கணவர் அங்கே வேலையில் இருப்பதாக உங்கள் ஆய்வகச் சான்று வைத்தால் எனக்குத்தான் கிடைக்குமாம். செப்டம்பர் முப்பது கடைசி நாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாம் சேர்ந்திருந்த நாள்களை எண்ண வரைபடத் தாள் வேண்டாம், விரலே போதும். தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
வடிவு

பழவேற்காடு
24.8.1981

அன்பு வடிவுக்கு,

சான்று நாளைக்கே கேட்கிறேன். நீ வந்துவிட்டால் எனக்கும் ஓட்டல் சோற்றிலிருந்து விடுதலை.

இதைக் கேள். முகத்துவாரத்துத் தெளிந்த நீரில் இருந்த சிப்பிகளை மார்ச்சில் கூண்டில் வைத்துச் சேறு கலங்கிய உப்பங்கழியில் இறக்கினேன் அல்லவா? அவற்றின் வாயோர இதழ்கள் பெரிதாகி வருகின்றன! செவுள் தண்ணீரோடு வருவதையெல்லாம் வாரிக்கொள்கிறது. இதழ்தான் இரையைப் பொறுக்கி உள்ளே அனுப்பி, மண்ணை ஒதுக்குகிறது. கலங்கல் கூடக் கூடச் செவுள் சிறுத்து இதழ் பெரிதாகிறது என்று நினைக்கிறேன். உன் எண்ணிக்கைதான் அதை நிரூபிக்க வேண்டும்.

கடைசி அறுபது படங்களோடு சான்றையும் வைத்து அனுப்புகிறேன்.

உன்
தேவராஜ்

ஜமுனாமரத்தூர்
28.9.1981

அன்புள்ள உங்களுக்கு,

பொட்டலம் இன்றுதான் வந்தது. படங்கள் அறுபதும் இருக்கின்றன. சான்று இல்லை. உறையைக் கிழித்துப் பிரித்தேன், ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பார்த்தேன். தந்தி கொடுக்கலாம், தந்தியில் சான்று வராது. நாளை மறுநாள் கடைசி நாள்.

வடிவு

பழவேற்காடு
10.10.1981

அன்பு வடிவுக்கு,

மன்னித்துவிடு. கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகி மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. அன்று நல்ல மழை. கூண்டு அடித்துப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் பொட்டலத்தை அப்படியே ஒட்டிவிட்டேன். அடுத்த முறை நிச்சயம். அறுபதும் எண்ணியாயிற்றா?

தேவராஜ்

ஜமுனாமரத்தூர்
2.11.1981

அன்புள்ள உங்களுக்கு,

எண்ணியாயிற்று. நீங்கள் நினைத்தது சரி. சேற்றில் வைத்தவற்றுக்குச் செவுள் சிறிது, இதழ் பெரிது. இருமுறை சரிபார்த்தேன். உங்கள் உழைப்பு வீண்போகவில்லை, வாழ்த்துகள்.

தீபாவளிக்கு ஒடுகத்தூர் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தேன். "மாப்ள வர்லியா?" என்று தெருவே கேட்டது. மழை என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் மன்னிப்பும் இருந்தது, படங்களைப் பற்றிய கேள்வியும் இருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. அதைவிட, இந்த மலையில் பேச ஆளில்லாமல் மூன்று வருடம் உங்கள் சிப்பிகளோடு பேசியது போதும் என்றிருக்கிறது.

பழவேற்காட்டு இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். இங்கே மாணவியர் விடுதிக்குக் காப்பாளர் கேட்டார்கள். ஐந்து வருடம் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இதற்கு யாரும் கணவரின் சான்று கேட்கவில்லை.

வடிவு