இரண்டு வழி இருந்தது, பாய்

பாய், உங்கள் உடம்பில் ஊசி ஏற்ற இரண்டு வழி இருந்தது. ஒன்றைத்தான் உங்களுக்குச் சொன்னார்கள். அநியாயம் அதுதான்.

இன்று காலையும் நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை டீக்கடைக்காரர் என் முன்னால் இரண்டு கோப்பை வைத்துவிட்டுப் போனார். பழக்கதோஷம். ஆவி உங்கள் நாற்காலிப் பக்கமாகவே போயிற்று. தமிழில் சண்டை போட இந்தப் பர்மியத் தெருவில் எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்.

இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுக்க உங்களை வரச் சொல்லியிருந்தார்கள். "டாக்டர் கொல்லைப்புறமா வர்றாராம், வாத்தியாரே. கள்ளன் அகப்பட்டா சரி" என்று சிரித்தீர்கள். பள்ளிக்கூடம் காணாத என்னை வாத்தியார் என்று கிண்டல் செய்ய உங்களால்தான் முடியும்.

ஆசனவாய்க்குள் கருவியை விட்டு, குடல் சுவரைத் துளைத்து எடுப்பது அந்த வழி. குடல் கிருமி ஊசியோடு இரத்தத்தில் கலந்துவிடலாம். "ஊலே, சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?" என்று நர்ஸ் பர்மிய மொழியில், மாமா முறை வைத்துக் கேட்டாள். இல்லை என்றீர்கள். இடுப்பு வலிக்கும் இருமலுக்கும் முக்குக் கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தை நம்மில் யார் மருந்தாக எண்ணினோம்? அதில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா என்று விற்கிறவருக்கே தெரியாது. துணுக்கு எடுத்த மறுநாள் குளிர்காய்ச்சல். அதற்கும் அதே பொட்டலம். "ஊசி குத்துன அசதிதான், சும்மா இருங்க" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, மாத்திரைக்குப் பழகிப்போன கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

உங்களை அடக்கிய பிறகு முடிவு வந்தது. புற்று இல்லை. உங்கள் மகன் அதைப் பர்மிய மொழியில்தான் சொன்னான்.

பிறகு நானே தேடி விசாரித்தேன். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகவும் எடுக்கலாமாம். ஊசி குடலைத் தொடுவதில்லை. கிருமி தொற்றும் ஆபத்து குறைவு. புற்றைக் கண்டுபிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டாக்டரிடமே போய்க் கேட்டேன். "இங்கே வழக்கம் இதுதான், ஊலே" என்றார். வழக்கம் என்பது ஒரு பதிலா, பாய்?

நான் விடப்போவதில்லை. டாக்டர் இரண்டு வழிகளையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு வசதி இல்லையென்றால் அதையும் சொல்ல வேண்டும். நர்ஸ் அந்தக் கடைப் பொட்டலத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். காய்ச்சல் கண்டால் உடனே கூட்டி வாருங்கள் என்று வீட்டாரிடம் சொல்லியனுப்ப வேண்டும். உங்கள் மகன், தன் முறை வந்தால், வாய் திறந்து கேட்க வேண்டும். டீக்கடைக்காரர் அந்த இரண்டாவது கோப்பையை எடுக்காமல் இருக்க வேண்டும்.