புது பிரேக்கில் நான் தடவிய நல்லெண்ணெய்

என் அண்ணனைக் கட்டி மதினியாக வந்து, பிறகு என் மகனுக்குப் பெண் கொடுத்துச் சம்பந்தியும் ஆகிப்போன என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் வெற்றிலை கிடைக்கிறதா? இங்கே இந்த வருஷம் மழை பரவாயில்லை. திருச்சுழிப் பக்கம் எல்லாரும் விதைத்துவிட்டார்கள். நம் பேத்தி நந்தினி நல்லபடியாக இருக்கிறாள். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மிச்சத்தைக் கேட்பதற்குள் நீங்கள் பதறிப்போவீர்கள்.

நீங்கள் போன பிறகு அவள் ஒரு கார் வாங்கினாள். ஒருத்தர் ஓட்டி விற்ற கார்தான். ஆனால் தரையோடு தாழ்ந்து, கிளப்பினால் உறுமுகிற ரகம். மதுரையில் வேலை பார்க்கிறவள், சனிக்கிழமை ஆனால் அதில்தான் ஊருக்கு வருகிறாள். எஞ்சினில் என்னவோ செய்து வேகத்தை வேறு கூட்டி வைத்திருந்தாள்.

"வேகத்தக் கூட்டியாச்சு அப்பத்தா. இனி பிரேக்கயும் கூட்டணும்" என்றாள் ஒருநாள்.

"அப்ப இத்தன நாளும் பிரேக்கு இல்லாமலாடி வந்த?"

"இருந்துச்சு. இந்த வேகத்துக்குப் பத்தாது."

நானும் வருவேன் என்று அவளோடு அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினேன். அங்கே காதர் பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சவுதியில் பத்து வருஷம் இப்படிப்பட்ட வண்டிகளைப் பிரித்து மாட்டியவர். சக்கரத்துக்குள் ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது, மதினி. காலால் மிதித்தால் பேடு என்கிற இரண்டு வில்லைகள் இரண்டு பக்கமும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. அவ்வளவுதான் பிரேக். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே பாய் சொன்னதும் விளங்கிவிட்டது.

நந்தினி தனக்குப் பிடித்த தட்டின் படத்தைப் போனில் காட்டினாள். தட்டு முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை.

"அழகுக்குச் சரிம்மா. நாளாக ஆக ஓட்டயச் சுத்தி விரிசல் விழும். வெறுந்தட்டுல நல்லதாப் போடுவோம். ஒங்க வீலுக்குள்ள இதவிட ஒரு சுத்துதான் பெருசு அடங்கும். அதுக்கு மேல ஆசப்பட்டா வீல மாத்தணும்" என்றார் பாய்.

"பேடு ரேசுக்குப் போடுறதே போட்டுருவோமா?"

"அது சூடேறுனாத்தான் பிடிக்கும். காலையில மொத மிதிக்கே நரிக்குடி ரோட்டுல ஆடு குறுக்க வந்தா, செத்த பொறு, இன்னும் சூடாகலன்னு அதுகிட்டச் சொல்லுவீகளா?"

நான் சிரித்துவிட்டேன். நந்தினி சிரிக்கவில்லை, யோசித்தாள். கடைசியில் ரோட்டுக்கு ஏற்ற பேடு, ஒரு சுற்றுப் பெரிய வெறுந்தட்டு, பிரேக் ஆயில் ஓடுகிற பழைய ரப்பர் குழாய்க்குப் பதிலாகக் கம்பி பின்னிய குழாய், புது பிரேக் ஆயில் என்று முடிவு செய்தாள். பேடைப் பிடித்திருக்கிற கவ்விக்குச் சிவப்புப் பெயிண்டு மட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அடித்துக் கொடுத்தார். பளபளப்பில் மயங்காத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் மாட்டி முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் காரைக் கழுவி நிறுத்தினாள். திங்கள் விடியற்காலை மதுரைக்குக் கிளம்பவேண்டும். நான் அவளுக்கு முன்னாலேயே எழுந்து குளித்துவிட்டு, காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போனேன். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே பார்த்தால், புதுத் தட்டு முழுக்கச் செம்பட்டையாகத் துரு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுசு என்று சொல்லிப் பழசைத் தள்ளிவிட்டாரே பாய்! இரும்பில் துரு கண்டால் நம் வீட்டில் என்ன செய்வோம், மதினி? அரிவாளோ, மண்வெட்டியோ, கடப்பாரையோ, எண்ணெய்த் துணியால் ஒரு துடை. அதைத்தான் செய்தேன். முன் சக்கரம் இரண்டிலும் விரல் எட்டின மட்டும் நல்லெண்ணெய் தடவினேன்.

நந்தினி காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். "மிதிச்சா என்னமோ வழுக்குதே" என்று முனகினாள். ஆனாலும் கிளம்பத்தான் இருந்தாள். எனக்கோ செய்ததைச் சொல்லாமல் அனுப்ப மனசில்லை. அவள் என்னை மெச்ச வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன?

"ஒங்க பாயி துருப்பிடிச்ச தட்டப் போட்டு ஏமாத்திட்டாரு. அப்பத்தா இருக்கப்போயி சரியாச்சு" என்றேன்.

"நீ என்ன செஞ்ச?"

"எண்ண தடவி வச்சிருக்கேன்."

காரை அணைத்துவிட்டு இறங்கினாள். கம்பிக்குள் விரலை விட்டுத் தொட்டு, மோந்து பார்த்தாள்.

"எந்த எண்ண அப்பத்தா?"

"நல்லெண்ணதான். செக்குல ஆட்டுனது."

அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குத் தேவலை.

அவள் போன் போட்டதும் பாய் பைக்கில் வந்தார். "தண்ணி பட்ட தட்டுல மேலாப்புலதான் துரு இருக்கும் ஆத்தா. ரெண்டு மிதியில போயிரும். எண்ண பட்டா பிரேக்கே கெடையாது" என்றார். தட்டுகளை ஏதோ மருந்து அடித்துத் துடைத்தார். பேடுகளைக் கழற்றித் தூரப் போட்டார். எண்ணெய் குடித்த பேடை நம்பக்கூடாதாம். வேறு பேடு வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நந்தினி பஸ்ஸில் போனாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை. மதுரை ரோட்டில், அந்த வேகத்தில், மிதித்தும் நிற்காமல் போயிருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாய் புதுப் பேடு மாட்டினார். தட்டும் பேடும் ஒன்றோடொன்று படியவேண்டும், காலியான ரோட்டில் ஓட்டி ஓட்டி மிதியுங்கள் என்றார். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். திருச்சுழி ரோட்டில் போவதும் மெதுவாக்குவதுமாக ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும். கரிசல்காட்டு வண்டிப்பாதையிலிருந்து ஒரு டிராக்டர், ரோட்டைப் பார்க்காமலே ஏறி வந்தது. நந்தினி ஒரே மிதி மிதித்தாள். இப்படி அப்படி இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது கார். டிராக்டர்காரர் எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

"எப்பிடி?" என்றாள்.

"மூச்சு வாங்கிக்கிறேன், இரு" என்றேன். ஒரு வாரமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் அந்த இடத்தில் இறங்கியது, மதினி.

ஆனால் ஒன்று. வீட்டில் இது யாருக்கும் தெரியாது. ஏன் பஸ்ஸில் போகிறாய் என்று கேட்ட தன் அம்மா மல்லிகாவிடம் "சாமான் வரலம்மா" என்று நந்தினி சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டாள். உங்கள் மகளும் நம்பிவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நேற்று மல்லிகா காரைக் கழுவினாள். இன்று காலை சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏன் அத்த, புதுத் தட்டுன்னீக, இப்பிடித் துருப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். அவள் கை தன்னால் அடுப்படிப் பக்கம் காட்டியது. எண்ணெய்க் கிண்ணம் அங்கேதான் இருக்கிறது. "அதத் தொடாத, அது அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லி உள்ளே கூட்டி வந்துவிட்டேன்.

நான் இல்லாத நேரம் அவள் பார்த்திருந்தால்?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். வந்ததும் உட்காரவைத்து, நல்லெண்ணெயில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஏசுவாள். உங்கள் மகள்தானே, நன்றாகவே ஏசுவாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. வாசலில் வாளிச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். எழுந்து போகிறேன்.

உங்கள் நாத்தனார்,
நந்தினியின் அப்பத்தா,
பாண்டியம்மாள்