செத்த முள்

அக்டோபர் 9, 1987

விமான எஞ்சினின் கார்புரேட்டருக்குள் போகும் காற்றின் வெப்பத்தைக் காட்டும் முள் இன்றும் அசையவில்லை. ஆறு நாளாகிறது. முதலாளி கர்டிடம் மறுபடி சொன்னேன்.

"ஆங்கரேஜிலேருந்து சாமான் வரணும். அதுவரைக்கும் காதால ஓட்டு. எங்க காலத்துல முள்ளு ஏது?"

விமானம் அவருடையது, சம்பளமும் அவர் கொடுப்பது. பழுதுப் புத்தகத்தில் நான் எழுதவில்லை. எழுதினால் விமானம் தரையில் நிற்கும். நானும்தான்.

அக்டோபர் 12

மேகத்துக்குள் நாற்பது நிமிடம். இறக்கை விளிம்பில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. எஞ்சின் இருமியது. கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் சூட்டுக் கைப்பிடியை முழுதாக இழுத்தேன். இன்னும் மோசமாக இருமி, பிறகு தெளிந்தது. பாதி இழுப்பதுதான் ஆபத்து. கடுங்குளிர்க் காற்று அரைச் சூட்டில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கத் தோதான பதத்துக்கு வந்துவிடும். அந்தப் பதத்தைத் தாண்டியாயிற்றா என்று முள்தான் சொல்லும். அது இல்லாமல் குருட்டாட்டம்.

மாலை வசிலி வீட்டில் நீராவிக் குளியல். கர்டிடம் இருக்கும் இன்னொரு விமானி அவன்தான். முள் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருத்தன் எழுதினா வேலைய விட்டுத் துரத்துவாரு. ரெண்டு பேரும் எழுதினா யாரை வெச்சு ஓட்டுவாரு? நீ முதல்ல எழுது லாய்ட், கீழே நான் எழுதறேன்."

நாளைக்கு என்றேன்.

அக்டோபர் 13

எழுதவில்லை.

அக்டோபர் 15

அதே விமானத்தில் தபால் மூட்டைகளோடு போன வசிலி, போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேரவில்லை. மேகம் தரையைத் தொடுகிறது. தேடக்கூடப் போக முடியவில்லை.

அக்டோபர் 17

உயிரோடு கிடைத்தான்! எஞ்சின் நின்றதும் ஆற்று மணல்திட்டில் இறக்கியிருக்கிறான். குளிரில் கிடந்ததில் இடது பாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி ஒலிங்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முள்ளப் பத்தியே பொலம்புறாருண்ணே. விசாரிக்க வர்ற அதிகாரிகிட்ட நீங்க சொல்லுங்க. நாங்க பழங்குடி ஆளுங்க, வெள்ளைக்காரர் நீங்க சொன்னாதான் எடுபடும்."

அக்டோபர் 22

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. இறங்கியதில் நொறுங்கிய அந்த முள் மானியை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். அவர் முன்னால் பழுதுப் புத்தகம், வெற்றுப் பக்கம்.

"கடைசியா நீங்க ஓட்டினப்போ அது வேலை செஞ்சுதா?"

ஜன்னலோரம் கர்ட் காபி குடித்துக்கொண்டிருந்தார். செத்த முள்ளோடு நானும்தானே ஓட்டினேன்? சொன்னால் என் உரிமமும் போகும்.

"செஞ்சுது" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சே — என்ன மனுஷன்டா நீ?

நவம்பர் 30

முடிவு வந்துவிட்டது: விமானி சூட்டுக் கைப்பிடியைச் சரியாகக் கையாளவில்லை. கர்ட் முதுகில் தட்டினார். நான் இனி தலைமை விமானியாம். யாருக்குத் தலைமை?

மார்ச் 4, 1988

வேலை போனபின் வசிலி திரும்பிப் போய்விட்ட அவன் சொந்த ஊருக்குத் தபாலும் சரக்கும் கொண்டுபோனேன். சரக்குப் பெட்டிகளை வாங்கிக்கொள்ள வந்து நின்றவன் வசிலி. மரக்காலோடு ஒவ்வொரு பெட்டியாகப் பனிவண்டியில் ஏற்றினான். உதவப் போனேன்.

"தொடாதே."

"வசிலி, அன்னிக்கு நான்..."

"எஞ்சின் ஆறிடப் போவுது, கிளம்பு." ரசீதையும் பேனாவையும் நீட்டினான். "கையெழுத்துப் போடு. அது உனக்கு நல்லா வருமே."

போட்டேன். பேனாவைத் திருப்பி வாங்காமலே நொண்டிக்கொண்டு போய்விட்டான்.

அதில்தான் இதை எழுதுகிறேன்.